நகல் ஊர் போய்ச் சேர்ந்ததா?

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். படித்தது டிப்ளமாதான். ஓய்வு பெற்ற பிறகு, நம் சங்கத்தின் பழைய மலர்கள், விழாப் படங்கள், பேச்சுப் பதிவுகள் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அதில் பட்ட பாட்டை, வீட்டுப் படங்களை இரண்டு ஊரில் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன்.

நூலகத்தில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. புனேயில் என் மகன் வீட்டில் இன்னொன்று. இரவுதோறும் அன்றைய மாற்றங்கள் மட்டும் இணையம் வழியே இங்கிருந்து அங்கே போகும். இதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர்.

சென்ற மழைக்காலத்தில் நூலகக் கூரை ஒழுகி, அந்த மாதம்தான் ஸ்கேன் செய்து முடித்த மலர்கள் நனைந்து கூழாகிவிட்டன. "புனேயில் நகல் இருக்கிறதல்லவா, சார்?" என்றார் செயலாளர். "கவலையே வேண்டாம்" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. திரையில் 'நடக்கிறது' என்றே இருந்தது. ஆனால் முழுமையாகப் போய்ச் சேர்ந்த கடைசி நகலுக்கு வயது 47 நாள்! நனைந்த மலர்கள் இனி அந்த ஒரே பெட்டியில்தான்.

முதல் பாடம்: பழுது பார்க்கும் முன் சரக்கைக் காப்பாற்றுங்கள். புதிய கோப்புகளைத் தனி டிஸ்க்கில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்றதைத் தொட்டேன். எதையும் அழிக்கவில்லை. நகலின் திசையையும் மாற்றக் கூடாது. பழைய பெட்டி புதியதன் மேல் எழுதிவிடும்.

இரண்டாம் பாடம்: பாதையைச் சோதியுங்கள். சிறிய பிங் போய்த் திரும்பியது. ஆகவே பாதை சரி என்று நினைத்துவிடக் கூடாது. 'உடைக்காதே' என்ற குறிப்புடன் 1,300 பைட் அனுப்பினேன், போயிற்று. 1,390 பைட்டுக்குப் பதிலே இல்லை. குகைப்பாதையில் டிராலி போய்விடும். அளவு மீறிய சரக்கு வேகன் மாட்டிக்கொள்ளும் அல்லவா, அதே கதை. இணைய நிறுவனத்தார் ரவுட்டரை மாற்றியதில், வழியில் செல்லக்கூடிய பாக்கெட்டின் அளவு குறைந்திருந்தது. இணைப்பு ஏற்படும், சரக்கு நகராது. இரு பெட்டிகளுக்கும் இடையிலான டனலில் எம்.டி.யு. எனும் அளவை 1,320 ஆகக் குறைத்தேன். பாதை திறந்தது.

மூன்றாம் பாடம்: சேருமிடத்தில் இடம் இருக்கிறதா? கோப்பை அழித்தாலும் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான்காம் பாடம்தான் முக்கியம். பாதை திறந்தும் நகல் போகவில்லை. 'பொதுவான ஸ்னாப்ஷாட் இல்லை' என்றது பெட்டி. டோக்கன் முறையுள்ள ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். இரண்டு ஸ்டேஷனும் ஒத்துக்கொண்டதற்கு அதுதான் அத்தாட்சி. இங்கும் அப்படியே. இரு பெட்டியிலும் ஒரே ஸ்னாப்ஷாட் இருந்தால்தான் அதன் பின் நடந்த மாற்றங்களை மட்டும் அனுப்ப முடியும். நூலகப் பெட்டியில் 30 நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும்படி வைத்தவன் நானேதான். 47 நாள் நின்றதில் டோக்கன் தொலைந்தது. ஒரு மாதத்துக்குள் கவனித்திருந்தால் ஓரிரு இரவில் முடிந்திருக்கும்.

இனி முழுவதும் அனுப்ப வேண்டும். மொத்தம் 900 ஜி.பி. எங்கள் அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட். எட்டால் வகுத்தால் 2.5 மெகாபைட். 9,00,000 மெகாபைட்டுக்கு 3,60,000 நொடி, அதாவது 100 மணி நேரம். அதுவும் இடையில் அறுந்து போகாமல் இருந்தால்!

ரயில்வேக்காரனுக்கு இதற்கா வழி தெரியாது? புதிய ஸ்னாப்ஷாட்டை டிஸ்க்கில் எடுத்துப் பூட்டுச்சொல் போட்டு, இரவு வண்டி ஏறிக் காலையில் புனேயில் இறங்கினேன். "கொரியரில் அனுப்பியிருக்கலாமே அப்பா" என்றான் மகன். அவனுக்கு என்ன தெரியும்! அங்கே பழைய நகலை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் ஏற்றினோம். மறுநாள் இரவிலிருந்து மாற்றங்கள் மட்டும் போகத் தொடங்கின.

நனைந்த மலர் ஒன்றைப் புனே பெட்டியிலிருந்தே திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகுதான் செயலாளருக்குப் போன் செய்தேன். நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

இப்போது கடைசி நகல் இரண்டு நாளுக்கு மேல் பழசானால் எனக்கும் மகனுக்கும் மின்னஞ்சல் வரும். ஸ்னாப்ஷாட்டுகளை 90 நாள் வைக்கிறோம். இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் அழியும் என்பதால், மாதம் ஒரு முறை தனி டிஸ்க்கிலும் எடுத்துப் பூட்டி வைக்கிறோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள். விளக்கு பச்சையா என்று பார்ப்பது போதாது. வண்டி கடைசியாக எப்போது போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள்.