உடலின் எடையும் உள்ளத்தின் சுமையும்

ஆண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் உடல் எடையைப் பற்றி என்னிடம் ஒரு செய்தி உண்டு. அது நான் பெருமைப்படும் செய்தி அன்று.

நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992ஆம் ஆண்டு ‘டிரிம் அண்ட் ஃபிட்’ திட்டம் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி தரப்பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தால் பலன் கிடைத்தது என்றே கூற வேண்டும். தொடக்கத்தில் நூற்றுக்குச் சுமார் 14 மாணவர்கள் எடை மிகுந்திருந்தனர். 2006இல் அது 10க்கும் குறைந்தது. ஆனால் திட்டப் பெயரின் மூன்று ஆங்கில முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ‘குண்டு’ என்று பொருள்படும் சொல் வரும். பிள்ளைகள் விடுவார்களா? கேலி, மனவேதனை பற்றிய குறைகள் எழுந்தன. 2007இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கும் வேறொரு முறை அதனிடத்தில் வந்தது.

ஓய்வு நேரத்தில் திடலைச் சுற்றி ஓட வேண்டியவர்களின் பெயரை வாசித்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். நல்லது செய்வதாகவே எண்ணினேன். உரக்கவும் வாசித்தேன்.

சென்ற ஆண்டு நம் அன்னதானத்தில் நான் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் "சார், என்னைத் தெரியுதா?" என்றார். 1994இல் என் மாணவர். பந்தி முடிந்ததும் பேசிக்கொண்டிருந்தோம். பழைய ஓட்டத்தை நான் சிரித்தபடி நினைவூட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஓடினது கஷ்டமில்லை சார். எல்லார் முன்னாலயும் பேரைக் கூப்பிட்டீங்களே, அதுதான். வீட்டுக்குப் போய், அம்மா வேலையிலிருந்து வர்றதுக்குள்ள பிஸ்கட் டின்னைக் காலி பண்ணிடுவேன்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

2010இல் வெளியான ஓர் ஆய்வு, 58,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மிகுந்த பருமன் உடையவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 55 விழுக்காடு அதிகம். மனச்சோர்வு உடையவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பும் 58 விழுக்காடு அதிகம். அதாவது, இது இருவழிப் பாதை. மனம் வாடும்போது உறக்கம் கெடுகிறது, நடமாட்டம் குறைகிறது. நீடித்த மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல், பசியைத் தூண்டி, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைக்கிறது. சிலருக்கோ நேர்மாறாக உணவே இறங்காது, மெலிந்து போவார்கள். மனநல மருந்துகள் சிலவற்றாலும் எடை கூடும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே நீரிழிவு, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்பதால் 2005 முதல் இங்கு அந்த அளவே கொள்ளப்படுகிறது. அதிலும் இந்தியர்களாகிய நம்மிடையே நீரிழிவு மிகுதி. பலதுறை மருந்தகத்தில் எடையைப் பார்க்கும்போது, உறக்கம் எப்படி, மனம் எப்படி என்பதையும் கூச்சமின்றிச் சொல்லலாம்.

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேக்காவில் காய்கறி வாங்கும்போதும் சரி, கோயில் பிரகாரத்திலும் சரி, நலம் விசாரிக்குமுன்பே "என்ன இப்படி ஊதிட்டே?" அல்லது "ஏன் இளைச்சுப் போயிட்டே?" என்போம். அன்பினால்தான் கேட்கிறோம். கேட்கப்பட்டவருக்கு அது பெயர் வாசிப்பதைப் போலத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றார். அடுத்த மாதம் தம் மகளையும் அன்னதானத்துக்கு அழைத்து வந்தார். பன்னிரண்டு வயதிருக்கும், தந்தையைப் போன்ற உடல்வாகு. பக்கத்து இலையிலிருந்த மூதாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, இந்த வயசிலேயே..." என்று தொடங்கினார்.

"பாட்டி, உங்களுக்கு ரசம்?" என்று நான் வாளியோடு குறுக்கே போய் நின்றேன்.