பால்வாடிக்கும் ஒரு வருடக் கணக்கு வேண்டும்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் காலத்தைப் புடவையால் அளக்கிறார்கள். புடவை அறுத்துக் கொடுத்தால் கூலி. பாவு தீர்ந்தால் அடுத்த பாவு வரும்வரை கை சும்மா இருக்கும். முகூர்த்த மாதங்களுக்கும் தீபாவளிக்கும் முன்னால் இரவிலும் தறிச் சத்தம் கேட்கும். ஐப்பசி அடைமழையில் குழித்தறிப் பள்ளத்தில் ஈரம் ஏறினால் அதுவும் நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒரு நாள் அந்த வீட்டில் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இப்படியொரு வீட்டிலிருந்து பால்வாடிக்கு வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு, ஒரு வருடம் போய் இன்னொரு வருடம் வந்தது என்று எப்படித் தெரியும்? அங்கன்வாடி ஆண்டுதோறும் ஒரே மாதிரி நடத்தும் இரண்டு மூன்று நிகழ்வுகளால்தான் தெரியும் என்பது என் கட்சி. அவற்றின் பயன் கொண்டாட்டத்தைவிட, அப்படித் திரும்பத் திரும்ப வருவதில்தான் அதிகம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் ஜாக்குலின் வூலியும் அமாண்டா ரோட்ஸும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் பிறந்தநாள் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். விழா நடக்காத பிள்ளைக்கு வயது ஏறவில்லை என்று சொன்ன சிறுசுகள் அவர்களில் இருந்தார்கள். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வயதில் காலம் கண்ணுக்குத் தெரிவது சடங்கின் வழியாகத்தான். இந்த இடத்தில் நம் அங்கன்வாடிக்கு ஒரு வசதி இருக்கிறது; அதை நாமே குறையாக நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை எல்லாரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். எல்கேஜி, யூகேஜி என்று வகுப்பு பிரித்த தனியார் பள்ளியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும். முதல் வருடம் குழந்தை ஆயாவின் மடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. இரண்டாம் வருடம் அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிகிறது. மூன்றாம் வருடம் புதிதாக வந்த சின்னதின் கையைப் பிடித்து, “இப்படித்தான் செய்யணும்” என்று சொல்லிக்கொடுக்கிறது. வருடா வருடம் நிகழ்ச்சியை மாற்றினால் இந்த மூன்றாவது படிக்குக் குழந்தை ஏறவே முடியாது. ‘போன வருஷம் பண்ணியதையே பண்ணினால் அலுக்காதா?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அலுப்பு பெரியவர்களுக்குத்தான்.

பெரியவனானதும் இதெல்லாம் நினைவிருக்கப் போகிறதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பெரும்பாலும் இருக்காது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பயன் அந்த மூன்று வருடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நடந்து முடிந்ததைப் பற்றிப் பெரியவர்கள் குழந்தையிடம் விரிவாகக் கேட்டுப் பேசினால் அதன் நினைவும் மொழியும் வளர்கின்றன என்பதை ராபின் ஃபிவுஷ், எலெயின் ரீஸ் முதலியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப் பேசுவதற்கு இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம் வேண்டும். தாரைச் சுற்றிக்கொண்டே அம்மா கேட்கக்கூடிய கேள்வி, “போன வருஷம் நீ எவ்வளவு உசரம் இருந்தே?” என்பதுதான்.

உயரத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆரணி போன்ற ஊரில் ஒரே ஒரு வருடாந்திர வழக்கம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் விஜயதசமியை ஒட்டிய நாளைத்தான் சொல்வேன். விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தறியைத் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்திருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்தாற்போல் கை ஓய்ந்திருக்கும் அபூர்வமான சமயம் அது. புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அப்போது நடக்கும். குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்து, அதன் உயரத்துக்குப் பட்டு நூல் கழிவில் ஒரு துண்டு வெட்டி, பெயர் எழுதிய அட்டையில் கட்டுங்கள். அடுத்த வருடம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. எடையும் உயரமும் அளப்பது அங்கன்வாடியின் வழக்கமான வேலைதான். ஆனால் பதிவேட்டில் ஏறும் எண் குழந்தைக்குத் தெரியாது, நூல் தெரியும். செலவும் இல்லை. வாடகை உடை, சினிமாப் பாட்டு, ஒலிபெருக்கி என்று ஆண்டு விழா நடத்தி அதற்கு வசூல் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். கூலி வராத மாதத்தில் உடைக்குக் காசு கேட்டால் சில குழந்தைகள் அன்றைக்கு வராமலே போவார்கள். 2018 முதல் செப்டம்பரில் நடக்கும் ஊட்டச்சத்து மாதம் நல்ல காரியம்தான். ஆனால் அதன் கோலமும் கண்காட்சியும் தாய்மாருக்கானவை. அதையே குழந்தைகளின் விழாவாகக் கணக்குக் காட்டக் கூடாது.

மதம் குறுக்கே வராதா? வரும். நிக்கோல் வென், பட்ரீஷியா ஹெர்மன், கிறிஸ்டீன் லெகாரே மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மணிமாலை வேலையைச் சடங்குபோல் ஒழுங்காகச் செய்த குழந்தைகள், இஷ்டப்படி செய்தவர்களைவிடத் தங்கள் குழுவோடு அதிகமாக ஒட்டிக்கொண்டார்கள். ஒட்ட வைக்கும் அதே பசைதான் வெளியே இருப்பவரைப் பிரித்தும் வைக்கும். ஆரணி வட்டாரத்தில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், தமிழ்ச் சமணர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அதனால் அந்த நாளை ஊர் வழக்கப்படி எடுத்துக்கொண்டாலும், செய்யும் காரியம் அளப்பதும் வெட்டுவதும் கட்டுவதுமாக மட்டும் இருக்கட்டும். குத்துவிளக்கும் படமும் இல்லாமல் அது நடக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டு நெசவில் பிள்ளைகளை உழைக்கவைத்த வரலாறு இந்தப் பக்கத்துக்கு உண்டு. ஆகவே ‘குட்டி நெசவாளி’ என்று வேடம் போட்டுத் தறியில் உட்கார வைத்துப் படம் எடுப்பது வேண்டாம். நூல் துண்டு விளையாட்டுப் பொருளாக இருந்தால் போதும்.

கடைசியாக டீச்சரின் வேலைச்சுமை. செயலியில் பதிவு, வீடு வீடாகப் போவது, பலருக்குத் தேர்தல் பணி என்று ஏற்கெனவே தலைக்குமேல் இருக்கும்போது இன்னொரு விழா எதற்கு என்று அவர் கேட்டால் அது நியாயம். ஒரு முற்பகலுக்குமேல் பிடிக்காத வழக்கமாக அது இருக்க வேண்டும். படம் எடுத்து மேலே அனுப்பச் சொல்லும் உத்தரவும் அதற்கு வரக் கூடாது. டீச்சர் மாறுதலாகிப் போனால் வழக்கமும் கூடவே போய்விடும் என்பதால் அட்டைகளை ஆயாவின் பொறுப்பில் விடுவது நல்லது. அவர் பெரும்பாலும் அதே பகுதிக்காரர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் குழந்தையிடம் அதன் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த அட்டை தொங்கிய ஆணியில் அடுத்த பெயர் தொங்கட்டும்.