இரு பழங்கமராக்கள்: ஓர் ஒப்புநோக்கு

ஒரு பொருளின் இயல்பை அறிவதற்கு அதனைத் தனியே வைத்து ஆராய்தல் ஒரு வழி. அதனோடு இனமொத்த பிறிதொன்றை அருகில் வைத்து ஆராய்தல் மற்றொரு வழி. இரண்டாவது வழியே மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது என்பது நமது துணிபு. தனியே நோக்குங்கால் குறையெனத் தோன்றாதது ஒப்பிடுங்கால் குறையாகத் தோன்றும். நிறையென மயங்கியது கணக்கிட்டுப் பார்க்குமிடத்து நிறையன்றென விளங்கும்.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாகும். நமது பழைய மாணவர் இருவர் தாம் முன்னர்ப் பயன்படுத்திய இரு கமராக்களைக் கல்லூரி ஒளிப்படக் கழகத்துக்கு மனமுவந்து அளித்தனர். ஒன்று நிக்கொன் டி-40. மற்றது கனன் 1000-டி. "இவற்றுள் எது சிறந்தது?" என மாணவர் நம்மை வினவினர். அவ்வினாவுக்கு விரைந்து ஒரு விடை கூறிப் பின்னர் அதனைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. திருத்திய விடையையும் அதற்குரிய நியாயங்களையும் ஈண்டு எழுதுகின்றோம்.

வினா சிறிதாயினும் அதனால் விளையும் பயன் சிறிதன்று. கல்லூரியின் பழைய அனுமதி இடாப்புகளும், சம்பவத் திரட்டுப் புத்தகங்களும், சுவரில் தொங்கும் அதிபர்களின் படங்களும் ஆண்டுதோறும் மங்கி வருகின்றன. சில ஏடுகளை இராமபாணப் பூச்சி அரித்துள்ளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, பிரதி செய்யப்படாத ஏடு அழிந்தால் அது மீளாது என்னும் பாடத்தை நம் சமூகம் மிகக் கொடிய முறையிற் கற்றுக்கொண்டது. ஆதலின் கழகத்தின் கையிலுள்ள இரு கருவிகளுள் எதனை எவ்வேலைக்கு இடுவது என்பதை ஆய்ந்து முடிவு செய்தல் வேண்டும்.

1. மரபு

இரண்டும் ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. வில்லையினூடு புகும் ஒளியைச் சரிவாக நிற்கும் ஓர் ஆடி மேல்நோக்கித் தெறிக்கச் செய்கின்றது. அதனாற் படம்பிடிப்போன் வில்லை காணும் காட்சியையே தானும் காண்கின்றான். பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழ, திரை திறந்து, ஒளி உணரியின்மேற் படுகின்றது.

இரு நிறுவனங்களும் யப்பானைச் சேர்ந்தவை. நிக்கொனின் முன்னோடி நிறுவனம் 1917 இல் தொடங்கப்பட்டது. கனனின் முன்னோடி ஆய்வுகூடம் 1933 இல் தோன்றியது. 1936 இல் விற்பனைக்கு வந்த கனனின் முதற் கமராவுக்கு வில்லை செய்து கொடுத்தது நிக்கொனின் முன்னோடி நிறுவனமே என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும்.

நிக்கொன் டி-40 2006 ஆம் ஆண்டு நவம்பரிலும், கனன் 1000-டி 2008 ஆம் ஆண்டு யூனிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் புதிதாய்க் கற்போரைக் கருதி அமைக்கப்பட்டவை. மின்கலம் நீங்கலாக முன்னதன் நிறை 475 கிராம். பின்னதன் நிறை 450 கிராம். இரண்டும் எஸ்.டி. நினைவக அட்டையை ஏற்பன. இரண்டிலும் அசையும் படம் எடுக்கும் வசதி இல்லை. இவற்றின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. பழம்பொருளாக மட்டுமே இன்று பெறலாம்.

2. ஒளியுணரி

நிக்கொனின் உணரி சீ.சீ.டி. வகையினது, ஏறத்தாழ 23.7 மில்லிமீற்றர் நீளமும் 15.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அது தரும் படத்தில் 3008 நிரல்களும் 2000 நிரைகளுமாக ஏறத்தாழ 60 இலட்சம் பிக்சல்கள் உள. கனனின் உணரி சீமொஸ் வகையினது, 22.2 மில்லிமீற்றர் நீளமும் 14.8 மில்லிமீற்றர் அகலமும் உடையது. அதன் படத்தில் 3888 நிரல்களும் 2592 நிரைகளுமாக ஏறத்தாழ 1 கோடி பிக்சல்கள் உள.

நீளத்தை நிரல்களின் எண்ணிக்கையால் வகுப்பின், நிக்கொனில் ஒரு பிக்சலின் பக்கம் ஏறத்தாழ 7.9 மைக்கிரோமீற்றர்; கனனில் 5.7 மைக்கிரோமீற்றர். பரப்பளவில் முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு. பெரிய பிக்சல் மிகுதியான ஒளியை ஏற்கும். ஆகவே மங்கலொளியில் நிக்கொனே பெரிதும் மேலானது என்று மாணவர்க்கு முதலிற் கூறினோம். நாம் திருத்திக்கொண்ட தவறு இதுவே.

தவறு யாதெனின், நாம் காண்பது ஒரு பிக்சலையன்று. முழுப் படத்தையே காண்கின்றோம். இரு படங்களையும் ஒரே அளவுத் தாளில் அச்சிட்டு நோக்கினால், ஒப்பிட வேண்டியது உணரியின் மொத்தப் பரப்பையே. அவ்வாறு கணக்கிடின் நிக்கொனின் உணரி கனனினதைவிட எட்டிலொரு பங்கு அளவே பெரிது. மழைநீரைப் பத்துப் பெரிய பாத்திரங்களில் ஏந்தினாலென்ன, பதினாறு சிறிய பாத்திரங்களில் ஏந்தினாலென்ன? முற்றத்தின் பரப்பு ஒன்றாயின் நீரின் அளவும் ஒன்றே. ஆதலின் பிக்சலின் பெருமை கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது என்க.

3. வில்லைப் பொருத்து

கமராவை வாங்குவோர் உண்மையில் வாங்குவது ஒரு வில்லைக் குடும்பத்தையே. இவ்விடயத்தில் இரு நிறுவனங்களும் வேறுவேறு வழிகளிற் சென்றன.

நிக்கொன் தனது எப் பொருத்தினை 1959 இல் அறிமுகஞ் செய்தது. தானியங்கிக் குவியம் வந்தபோது பழைய பொருத்தைக் கைவிடாது, குவியத்தை இயக்கும் மோட்டாரைக் கமராவின் உடலில் வைத்தது. கனனோ 1987 இல் தன் பழைய பொருத்தை முற்றாகக் கைவிட்டு, ஈ.எப். என்னும் புதிய பொருத்தைக் கொண்டுவந்து, மோட்டாரை ஒவ்வொரு வில்லையினுள்ளும் வைத்தது. பழைய வில்லைகளை வைத்திருந்தோர் அன்று வருந்தினர். ஆயினும் அம்முடிவின் பயன் இன்றும் உளது. 1987 முதல் வெளிவந்த எந்த ஈ.எப். வில்லையும் 1000-டி கமராவில் தானாகவே குவியும்.

நிக்கொன் டி-40 இன் உடலிலோ குவிய மோட்டார் இல்லை. ஏ.எப்.-எஸ். போன்று உள்மோட்டார் பெற்ற வில்லைகளே அதில் தாமாகக் குவியும். புகழ்பெற்றதும் மலிவானதுமான 50 மில்லிமீற்றர் எப் 1.8 'டி' வகை வில்லையை இதிற் பொருத்தலாம். ஆனால் கையாலேயே குவித்தல் வேண்டும். இதனையறியாது வில்லை வாங்கும் மாணவன், கமரா பழுதென்றெண்ணி மயங்குவான். உள்மோட்டார் பெற்ற 35 மில்லிமீற்றர் எப் 1.8 'ஜி' வில்லை 2009 இல் வந்தபின் இக்குறை ஓரளவு நீங்கியது.

இதற்கு மறுபுறமும் உண்டு. வீட்டிற் பாட்டனார் காலத்து நிக்கொன் வில்லை இருப்பின், மிகப் பழையதாயினும் டி-40 அதனை ஊறின்றி ஏற்கும். ஒளியளவு காட்டாது, குவியமும் தானாக நிகழாது. மாணவன் கையியக்க முறையில் துவாரத்தையும் திரைவேகத்தையும் தானே தெரிந்து, படத்தைப் பார்த்துத் திருத்துதல் வேண்டும். கற்போனுக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

4. மண்டபமும் மைதானமும்

பரிசளிப்பு விழா மண்டபத்தில் ஒளி குறைவு. கனனுடன் பெரும்பாலும் விற்கப்பட்ட 18–55 மில்லிமீற்றர் வில்லையில் அதிர்வடக்கும் அமைப்பு உளது. டி-40 உடன் முதலில் வந்த அதே நீள வில்லையில் அஃது இல்லை. கைநடுக்கத்தால் வரும் மங்கலை அவ்வமைப்புக் குறைக்கும். ஆனால் மேடையில் ஆடுவோரின் அசைவை எவ்வமைப்பும் நிறுத்தாது. அதற்கு அகன்ற துவாரமுள்ள வில்லையே வேண்டும். இருண்ட பின்னணியில் ஒளிபெற்று நிற்கும் ஒரு முகத்தை மட்டும் அளந்தறியும் புள்ளி அளவீடு டி-40 இல் உளது. 1000-டி இல் உள்ள மிகக் குறுகிய அளவீடு காட்சியின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை உள்ளடக்குவது.

விளையாட்டுப் போட்டி நடைபெறும் மைதானத்தில் நிலைமை வேறு. உச்சி வெயிலில் முகங்களின் கண்குழி கறுத்துத் தோன்றும். பிளாஷ் ஒளி கொடுத்து அந்நிழலை நிரப்புதல் வேண்டும். பிளாஷுடன் இணங்கும் மிக விரைந்த திரைவேகம் 1000-டி இல் ஒரு செக்கனில் 200 இலொரு பங்கு. டி-40 இல் 500 இலொரு பங்கு. திரை விரைந்து மூடினால் வெயிலின் பங்கு குறையும். பிளாஷின் பங்கோ குறைவதில்லை. இவ்விரு வேகங்களின் விகிதம் 2.5. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், 2.5 இன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 1.6 மடங்கு தூரம் வரை அதே பிளாஷ் டி-40 இல் பயன் தரும். கனனில் ஐந்து மீற்றரில் எட்டிய பயனை நிக்கொனில் ஏறத்தாழ எட்டு மீற்றரிற் பெறலாம். வெயில் மிகுந்த நம் நாட்டில் இது பெருஞ் சிறப்பு.

5. ஏடுகளைப் பிரதிசெய்தல்

நம் முதன்மையான வேலைக்கு வருவோம். 13 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள ஓர் இடாப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பக்கம் சட்டத்தின் நீளம் முழுவதையும் நிரப்புமாறு எடுப்பின், டி-40 இல் ஓர் அங்குலத்துக்கு 231 புள்ளிகளும், 1000-டி இல் 299 புள்ளிகளும் கிடைக்கும். எழுத்துப் பிரதிகளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகளேனும் வேண்டும் என்பது இத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் அளவு. கனன் அதனை ஏறத்தாழ எட்டிவிடுகின்றது, நிக்கொன் எட்டவில்லை. மங்கிய மையால் எழுதிய ஒரு பெயரில் ஒற்றும் உயிர்மெய்யும் மயங்காதிருப்பதற்கு இவ்வேறுபாடு வேண்டப்படுவதாகும்.

நேரந்தையும் கருதி, விரித்த இரு பக்கங்களையும் ஒரே படத்தில் அடக்கலாமே எனின், அப்பொழுது கனனிலும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 199 புள்ளிகளே கிடைக்கும். ஆகவே பக்கம் பக்கமாக எடுத்தலே தக்கது.

அன்றியும் 1000-டி இல் காட்சியைப் பின்திரையில் நேரே காணும் வசதி உளது. எழுத்தொன்றைப் பத்து மடங்கு பெருப்பித்துக் கையாற் குவிக்கலாம்; ஆடி முன்னரே மேலெழுந்து நிற்றலால் அதன் அதிர்வும் இல்லை. உணரியிற் படியும் தூசை அதிர்த்து உதிர்க்கும் அமைப்பும் உளது. டி-40 இல் இவ்விரண்டும் இல்லை. வெண்டாளின்மேற் படிந்த தூசுப் புள்ளி ஏட்டில் இட்ட புள்ளிபோல் தோன்றுமாதலால் இதனையும் சிறிதென்று தள்ளலாகாது.

6. வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

தம் பொருளால் இத்தகைய பழங்கமரா வாங்க எண்ணும் மாணவர் கீழ்வருவனவற்றைக் கவனிப்பாராக.

(அ) வில்லையினூடு கைவிளக்கொளி செலுத்திப் பார்க்க. சிலந்தி வலைபோன்ற கோடுகள் தோன்றின் அது பூஞ்சணம், அவ்வில்லையை வாங்கற்க. ஈரம் மிகுந்த நம் நாட்டிற் கமராவைத் தோலுறையில் மூடி வைத்தல் தீது. ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் நன்று.

(ஆ) துவாரத்தை எப் 16 ஆக்கி வெறுவானைப் படமெடுத்து நோக்குக. உணரியிலுள்ள தூசும் கறையும் அதில் வெளிப்படும்.

(இ) திரை எத்தனை முறை இயங்கியது என்னும் எண் நிக்கொனின் படக்கோப்பினுள்ளேயே பதிவாகியிருக்கும், அதனைப் படித்தறிக.

(ஈ) பழைய மின்கலம் விரைவில் வலுவிழக்கும். புதிய மின்கலம் கிடைக்குமா என விசாரித்தபின்னரே பணங் கொடுக்க.

7. முடிபு

எது சிறந்தது என்னும் வினாவுக்கு, வேலையைக் குறிப்பிடாது விடை கூற முடியாது என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். வெயிலில் விளையாட்டுகளைப் படம்பிடிப்போர்க்கும், பழைய வில்லைகளைக்கொண்டு ஒளியளவைக் கையாற் பயில்வோர்க்கும் டி-40 ஏற்றது. ஏடுகளையும் பழம் படங்களையும் பிரதிசெய்வோர்க்கும், மலிவான வில்லையில் தானியங்கிக் குவியம் வேண்டுவோர்க்கும் 1000-டி ஏற்றது.

கழகத்தைப் பொறுத்தவரை, கனனை இனி ஒரு தாங்கியில் நிறுத்தி, இடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் பிரதிசெய்ய ஒதுக்குமாறு பரிந்துரைக்கின்றோம். நிக்கொனைக் கீழ்வகுப்பு மாணவர் கையிற் கொடுத்துப் பயிற்றுக. விளையாட்டுப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். அரிக்கப்பட்ட ஏடு மீண்டும் வாராது. எடுத்த படங்களை ஓரிடத்தில் மட்டும் வையாது, இரண்டு மூன்று இடங்களிற் பிரித்து வைத்தலும் வேண்டும்.

இவ்விரு கமராக்களையும் இன்று கடையிற் கொடுப்பின் சொற்ப விலையே பெறும். ஆயினும் ஒரு தலைமுறை மாணவரின் பெயர்களை மறுதலைமுறைக்குக் கொண்டுசெல்லும் ஆற்றல் அவற்றுக்கு இன்னும் உளது. வீட்டில் இத்தகைய கருவிகளை வாளா வைத்திருக்கும் பழைய மாணவர் அவற்றைக் கழகத்துக்கு ஈவார்களாயின் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம். அவற்றோடு வார இறுதியில் ஓரிரு மணிநேரம் வந்து இடாப்பின் பக்கங்களைப் புரட்டித் தருவார்களாயின், அவ்வுதவியைப் பொருளுதவியினும் பெரிதாக மதிப்போம்.