சேற்றில் இறங்க ஒரு கிழமை முன்பே

காலபோக விதைப்பு நெருங்கிவிட்டது. வரம்பு வெட்டப் போகிறவர்களும் பிறகு களை பிடுங்க இறங்குகிறவர்களும் இந்தக் கிழமையே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காணுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பான டொக்சிசைக்கிளின் குளிசையை அவர் மூலமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பெறலாம். சேற்றில் கால் வைக்க ஒரு கிழமை முன்பே தொடங்க வேண்டிய மருந்து இது. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. அப்படி இன்னொரு மார்கழி நமக்கு வேண்டாம்.

வளர்ந்தவர்களுக்கு வழமையாக 200 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, கிழமைக்கு ஒரு தரம், வயல்வேலை முடியும்வரை. ஒரு கிழமை தவறிவிட்டால் அடுத்த முறை நாலாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

விழுங்கும் விதத்தில்தான் பலர் கவனம் இல்லாமல் இருக்கிறார்கள். பாயில் சரியப்போகும் நேரத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டால், குளிசை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கும். மறுநாள் சோறு இறங்க இறங்க நெஞ்சுக்கு நடுவே நோகும். பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது சாயாமல் இருங்கள். அந்தச் சாப்பாட்டோடு தயிரும் பாலும் வேண்டாம். இரும்புச்சத்து, கல்சியம், நெஞ்செரிவுக் குளிசைகளை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் எளிதில் எரியும், ஆகவே நீளக்கைச் சட்டையும் தொப்பியும் தேவை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள், இந்த வகை மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் வார்பரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. உங்களுக்குத் தந்ததைப் பக்கத்து வயற்காரருக்குப் பங்கிடாதீர்கள். போன போகத்தில் மிஞ்சியது அலுமாரியில் கிடந்தால் திகதியைப் பாருங்கள். காலாவதியானதை விழுங்க வேண்டாம், பணிமனையில் ஒப்படையுங்கள்.

குளிசை போட்டவருக்கும் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு தெரிந்தால் கையிலுள்ள டொக்சிசைக்கிளினைக் கூட்டிப் போட்டுப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலில் நின்றதையும் கடைசியாகக் குளிசை போட்ட நாளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.