சமூகவியலுக்குச் சில நிலைப்பகுதிகள்

கலாசாலை மலர்களில் சமூகவியலைப்பற்றி வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் கருத்துரைகளாகவே நின்றுவிடுகின்றன. ஓராண்டு வரதட்சிணை, மற்றோராண்டு நகர வாழ்க்கை என ஒவ்வொன்றும் தனித்தே தோன்றித் தனித்தே மறையும். ஆண்டுதோறும் அதே வினாவை அதே இடத்திற் கேட்கும் நிலைப்பகுதிகள் சில அமையுமாயின், முன்னவர் எழுதியது பின்னவர்க்கு அளவுகோலாகும். அவை எவையாகலாம் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர், தம் மாணாக்கரை விடுமுறையிற் கிராமங்களை ஆராயும்படி ஏவினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப்பற்றிய அவ்வாராய்ச்சிகள் 1918-இல் நூலாயின. எழுதியவர் பெரும் புலவரல்லர், நம்மையொத்த மாணாக்கரே. எனினும், அந்நூலின் முழுப்பயன் பின்னரே விளங்கிற்று. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் என்போர் அவ்வூர்களை மீண்டும் ஆராயச் செய்து 1940-இல் வெளியிட்டனர். 1981-இல் எஸ். குஹனும் ஜோன் மென்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ் முதலியோரும் இருவேல்பட்டினை மறுபடியும் ஆராய்ந்தனர். நிலக்கிழார் குடும்பமொன்றின் பிடி எங்ஙனம் தளர்ந்தது என்பதும், உழைப்போர் வயலை மட்டுமே நம்பியிராத நிலை எங்ஙனம் வந்தது என்பதும் அவ்வூரளவில் இன்று நமக்குத் தெரிகின்றன. முதல் மாணாக்கன் அன்று எழுதாதிருந்தால் ஒப்பிடுதற்கு யாது உளது?

ஆதலின் முதற்பகுதி 'ஊர் மறுகாண்டல்' ஆகுக. ஒவ்வொருவரும் தத்தம் ஊரையே எழுத விரும்புவர். அவ்விருப்பத்தை அடக்குதல் வேண்டும். கலாசாலைக்கு அண்மையில் ஓரூரே போதும். நிலம் யாருடையது, உழுபவர் யார், இளைஞர் எங்குச் சென்றனர், குடிநீர் யாருக்கு எங்கிருந்து வருகின்றது என்பனவே வினாக்கள். கணக்கெடுப்பைச் சேரியிலிருந்து தொடங்குதல் நன்று. ஊர்த்தெருவிலிருந்து தொடங்குவோர் பெரும்பாலும் சேரியை எட்டுமுன்னரே களைத்துவிடுகின்றனர்.

இரண்டாவது 'கூலியும் விலையும்'. அறுவடைக் காலத்தில் ஒருநாள் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைத்த கூலியையும், அன்று அரிசி விற்ற விலையையும் தேதியுடன் குறித்தால் அரைப்பக்கத்தில் அடங்கும்.

மூன்றாவதே கடினமானது. அதற்குக் 'கல்லறைத் தோட்டம்' எனப் பெயரிடலாம். கிறிஸ்தவ மாணாக்கராகிய நாம் பிறர் சமூகத்தை ஆராய்தலில் ஊக்கமுடையோம். நம் சபையை ஆராயும்போது நம் எழுதுகோல் தயங்குகின்றது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிவேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமெனக் கட்டளையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அதனை ஏலாது சபையைவிட்டு நீங்கினோர் பலர். மிஷனெரிமாரின் இம்முயற்சியை எதிர்த்து எழுதியவர்களுள், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர்தம் பாடல்களை நாம் இன்றும் அன்புடன் பாடுகின்றோம், பாடுதல் தகும். ஆனால் தமிழ் பயில்வோர் அவருடைய பாட்டை மட்டும் பயின்று அவ்வெழுத்தை மறந்துவிடுதல் நேர்மையாகாது. இன்றும் தமிழ்நாட்டிற் பலவிடங்களிற் கிறிஸ்தவர்க்குள்ளேயே சாதிக்கொரு கல்லறை உண்டென்பது மறைக்கத்தக்க செய்தியன்று. ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னோர் ஒரே மண்ணிற் படுக்கலாகாதோ?

இப்பகுதியில் ஆண்டுக்கு ஒரு சபையை எடுத்துக்கொள்க. யார் எங்குப் புதைக்கப்படுகின்றனர், ஆலயத்தில் யார் எங்கு அமர்கின்றனர், திருமணப் பதிவேட்டிற் கண்ட மணங்களுள் சாதி கடந்தவை எத்தனை என்பவற்றை எண்ணி எழுதலாம். பதிவேட்டிற் சாதி எழுதப்படாதிருப்பின் மூப்பர்களை வினவுதல் வேண்டும். சபையின் பெயரோ ஊரின் பெயரோ அச்சேறலாகாது. நோக்கம் தூற்றுதல் அன்று. எண்ணிக்கையை ஆண்டுக்காண்டு வைத்துப் பார்த்தலே. சில மூப்பர் கதவடைப்பர். அங்ஙனமாயின், கதவடைக்கப்பட்டது என்பதையே அவ்வாண்டுக் குறிப்பாக எழுதிவிடலாம்.

வினாநிரல்களின் படியொன்று நூலகத்தில் இருத்தல் இன்றியமையாதது. எழுதுவோர் மூன்றாண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவர். கூலிப்பகுதிக்கு இருவர் போதும். வரும் தை அறுவடையிலேயே தொடங்கிவிடலாம்.