மேல்கோட்டுக்கு மேலே அரை லிட்டர்

ஊட்டி மலை ஏறுமுன் அளவுக் கம்பியின் மேல்கோட்டையும் தாண்டி அரை லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றிக்கொண்டால் இஞ்சினுக்குப் பலம் என்னும் அபிப்பிராயத்தை, காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையோரத்துப் பட்டறைகளில் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்தே இதை எழுதுகிறேன். மேட்டுப்பாளையத்தில் சுமார் 330 மீட்டர் உயரத்திலிருக்கும் வண்டி உதகையில் 2,200 மீட்டரைத் தாண்டுகிறது என்பதும், அந்த ஏற்றத்தில் இஞ்சின் கொதிக்க உழைக்கிறது என்பதும் வாஸ்தவமே. ஆனால் அந்த உழைப்புக்கும் வேண்டிய ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே அடங்கிவிடுகிறது. மேலும் ஊற்றினாலோ, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் கிராங்க் ஷாஃப்ட், சம்பில் உயர்ந்து நிற்கும் ஆயிலைத் தொட்டு, மத்து தயிரைக் கடைவதுபோல் அதை நுரைக்கச் செய்ய, பம்ப் அந்த நுரையோடு காற்றையும் இழுத்து அனுப்ப, அழுத்தம் குறைந்து பேரிங்குகள் தேய்கின்றன. மிஞ்சியது சீல்களில் கசிகிறது, ப்ரீதர் குழாய் வழியே புகுந்து எரிந்து நீலப் புகையாகவும் வெளிவருகிறது. இதற்கா பலம் என்று பெயர்?

இந்த விபரீதத்துக்கு மூலகாரணம் கம்பியைப் பார்க்கும் அவசரம். நிறுத்திய மறுகணமே பார்த்தால், மேலே ஏறிய ஆயில் முழுவதும் சம்புக்கு இறங்கியிராது. சரிவில் நின்று பார்த்தால் ஆயில் ஒருபுறம் ஒதுங்கிவிடும். இரண்டும் பொய்க் கணக்கு. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிஷம் பொறுத்து, கம்பியை உருவிச் சுத்தமான துணியால் துடைத்து, அடிவரை செருகி மறுபடி எடுத்து, இருபுறமும் பார்த்து, தாழ்ந்த அளவையே நம்புங்கள். பல கார்களில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர்தான் வித்தியாசம் என்பதால், கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். ஸ்பிளெண்டர் போன்ற பைக்குகளில், நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, மூடியைத் திருகாமல் வாயில் அமர்த்தி அளக்க வேண்டும்.

இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும் என்பது, சில ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளுக்குரிய விதியை இங்கே கொண்டுவந்து சேர்த்த குழப்பம். ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்பதும் தவறு. டீசல் இஞ்சினில் புதிய ஆயில் சீக்கிரமே கறுக்கும், கரியை அது சுமக்கிறது என்பதற்கே அது அடையாளம். பால் நிறமாக மாறினால் மட்டும், கூலண்ட் கலந்திருக்கக்கூடும் என்று உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏற்கெனவே அதிகம் ஊற்றியவர்கள் மிகுதியை வடித்துவிட வேண்டும். ஆனால், ஐயா, வடித்ததைப் பட்டறைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கொட்டாதீர்கள். கிணற்றையும் போர்வெல்லையும் நம்பிப் பிழைக்கும் பூமி இது; மண்ணில் இறங்கும் ஆயில் நம் குடிநீருக்கே வந்து சேரும். உபயோகித்த ஆயிலை அபாயகரக் கழிவுகளில் ஒன்றாகவே மத்திய அரசின் 2016-ஆம் வருஷத்து விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. கேனில் அடைத்து வைத்திருந்து, உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களுக்குச் சேர்க்கும் பட்டறை எதுவோ, அங்கே கொடுங்கள்.