காத்திருக்க முடியாத இறால்: கடலுணவு ஏற்றுமதியில் தேவையும் அளிப்பும்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது இறாலும் வாவல் மீனும் விலையேறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வாங்குவோர் கூடுகின்றனர், அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் படகுகள் கடலுக்குச் செல்வது குறைகிறது. தேவை உயர்ந்து அளிப்பு குறைவதால் விலை ஏறுகிறது. பொருளியல் பயிலும் முதலாண்டு மாணவர் எவரும் இதனை ஒரு வரைபடத்தில் காட்டிவிடுவார்.

ஆனால், அந்த வரைபடத்தில் காலத்திற்கு இடமில்லை. விலை ஏறினால் அளிப்பு கூடும் என்கிறது பாடநூல். எத்தனை மாதம் கழித்துக் கூடும்? அதுவரை யாரால் காத்திருக்க முடியும்? கடலுணவு ஏற்றுமதியில் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்பதைப் பெரும்பாலும் இக்கேள்விகளே முடிவு செய்கின்றன. உலகச் சந்தையில் பெருமளவில் விற்கப்படும் வளர்ப்பு இறாலைக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

குளமும் கிடங்கும்

இறால் குஞ்சுகளைக் குளத்தில் விட்டு அறுவடை செய்ய மூன்று முதல் நான்கு மாதங்கள் ஆகும். உற்பத்திச் செலவில் ஏறத்தாழ பாதி தீவனத்திற்கே போய்விடும். அதையும் பண்ணையாளர்கள் பலர் கடனுக்குத்தான் வாங்குகின்றனர்.

பண்ணையில் விலை 'கவுண்ட்' கணக்கில் பேசப்படுகிறது. ஒரு கிலோவுக்கு நூறு இறால் நின்றால் அது 100 கவுண்ட். முப்பது நின்றால் 30 கவுண்ட். எண்ணிக்கை குறையக் குறைய இறால் பெரிது. கிலோவுக்கான விலையும் அதிகம். அப்படியானால் விலை குறைந்திருக்கும்போது விற்காமல், மேலும் சில வாரங்கள் வளர்க்கலாமே என்று தோன்றும். ஆனால், ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு ஏறுகிறது. வெண்புள்ளி நோய் தாக்கினால் சில நாள்களில் குளமே காலியாகிவிடும். பிடித்துவிட்டாலோ பனிக்கட்டியில் நெடுநாள் வைத்திருக்க இயலாது.

ஆகவே, அறுவடை நேரத்தில் பண்ணையாளரின் அளிப்பு நெகிழ்ச்சியற்றது. என்ன விலை சொன்னாலும் அவர் விற்றாக வேண்டும். அவரிடம் வாங்கும் ஏற்றுமதி நிறுவனத்திடமோ உறைபதனக் கிடங்கு உள்ளது. உறைய வைத்த இறால் மாதக்கணக்கில் கெடாது. காத்திருக்க முடிந்தவர் விலையைச் சொல்கிறார். முடியாதவர் அதை ஏற்றுக்கொள்கிறார்.

2020 மார்ச்சில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. கோவிட் பரவலால் உலகெங்கும் உணவகங்கள் மூடப்பட்டன. இந்தியாவில் நாடு தழுவிய முடக்கம் அறிவிக்கப்பட்டது. ஆந்திரப் பண்ணையாளர்கள் பலர் அச்சத்தில், வளர்ந்து முடியாத இறாலையே அவசரமாகப் பிடித்தனர். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க முனைந்ததால் விலை மேலும் சரிந்தது. இறுதியில், மாநில அரசு தலையிட்டுக் குறைந்தபட்ச விலையை அறிவிக்க நேர்ந்தது.

தாய்லாந்து தந்த பாடம்

2012 வாக்கில் தாய்லாந்து இறால் ஏற்றுமதியில் முன்னணியில் இருந்தது. அப்போது அங்கு ஒரு புதிய நோய் பரவியது. குளத்தில் விட்ட ஏறக்குறைய ஒரு மாதத்திற்குள் இளம் இறால்கள் மடிந்தன. சீனாவிலும் வியட்நாமிலும் முன்னரே தோன்றியிருந்த அந்நோய், 2011இல் மலேசியாவிலும் காணப்பட்டது. அதற்கு ஒருவகை பாக்டீரியாவே காரணம் என்பது 2013இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குள் தாய்லாந்தின் உற்பத்தி பெரிதும் வீழ்ந்தது. 2014இல் அது 2011இன் அளவில் பாதிக்கும் கீழே இருந்தது.

அளிப்பு சுருங்கியதால் 2013இல் உலக விலை உயர்ந்தது. 2009இல்தான் 'வனாமி' இறால் வளர்ப்புக்கு அனுமதி வழங்கியிருந்த இந்தியா, இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி அமெரிக்கச் சந்தையில் முதலிடத்திற்கு உயர்ந்தது. பல நாடுகளிலும் புதிய குளங்கள் வெட்டப்பட்டன. உற்பத்தி பெருகிச் சந்தைக்கு வந்தபோது, 2015 வாக்கில் விலை இறங்கிவிட்டது.

இதனைப் பொருளியலில் 'சிலந்தி வலைக் கோட்பாடு' என்பர். இப்பெயரை 1934இல் வழங்கியவர் நிக்கலஸ் கால்டோர். உற்பத்தியாளர் இன்றைய விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார். அவருடைய பொருளோ நாளைய விலைக்கு விற்கப்படுகிறது. எல்லாரும் ஒரே விலையைப் பார்த்து ஒரே முடிவை எடுப்பதால், உயர்ந்த விலையே அடுத்த வீழ்ச்சிக்கு வித்திடுகிறது. அந்த ஏற்ற இறக்கங்களைத் தேவை, அளிப்புக் கோடுகளின் மீது வரைந்தால் சிலந்தி வலைபோல் தெரியும். 2023இல் இதே போன்ற நிலை மீண்டும் ஏற்பட்டது. ஈக்குவடோர் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்யும் நிலையை எட்டியிருந்தது. பணவீக்கத்தால் மேலைநாடுகளில் தேவை தளர்ந்தது. விலை வீழ்ந்தது.

வரிச்சுமை யார் தலையில்?

2023-24 நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 17 இலட்சத்து 80 ஆயிரம் டன் கடலுணவை, ஏறக்குறைய 738 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் ஏற்றுமதி செய்தது. அம்மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு உறைபதன இறாலுக்குரியது. அந்த இறாலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அமெரிக்காவுக்கே சென்றது.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 26 விழுக்காட்டுக் கூடுதல் வரியை அறிவித்தது. அவ்வரி நடைமுறைக்கு வருமுன்பே ஆந்திராவில் கொள்முதல் விலை குறைக்கப்பட்டது. அறிவிப்பு பின்னர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டாலும், ஆகஸ்டு 27 முதல் கூடுதல் வரி 50 விழுக்காடாக உயர்ந்தது.

சட்டப்படி இறக்குமதி வரியைச் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளர். ஆயினும், சுமையைத் தாங்குபவர் யார் என்பதை நெகிழ்ச்சியே தீர்மானிக்கிறது. இந்திய இறால் விலையேறினால் அமெரிக்க வணிகர் ஈக்குவடோர், இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் பக்கம் திரும்பலாம். குளத்தில் இறாலை வைத்திருப்பவருக்கு அப்படி மாற்று வழி ஏது? ஆகவே, வாஷிங்டனில் விதித்த வரியின் பெரும்பங்கு நெல்லூர்க் குளக்கரையில் வந்து இறங்குகிறது.

நம் நாட்டு நிலை

இதே கேள்வி நம் நாட்டிலும் எழுந்தது. 2019 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கெம்போங் உள்ளிட்ட சில மீன் வகைகளும் இறாலும் ஏற்றுமதியாவதை மலேசிய அரசு கட்டுப்படுத்தியது. பருவமழைக் காலத்திலும் பெருநாள் காலத்திலும் உள்நாட்டில் தட்டுப்பாடு நேராமல் காப்பதே நோக்கம். வெளியே செல்லவிருந்த மீன் உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்பினால் பயனீட்டாளருக்கு நன்மை. ஆனால், புயலுக்கு இடையே சில நாள்களே கடலுக்குச் செல்லும் மீனவருக்கு, நல்ல விலை கிடைக்கும் பருவமும் அதுவே. பயனீட்டாளருக்குத் தரும் சலுகையின் செலவை மீனவர் மட்டுமே ஏற்க வேண்டுமா என்பது சிந்திக்கத்தக்கது.

தீர்வுகளும் காலத்தை ஒட்டியே அமைய வேண்டும். பண்ணையாளர்களும் மீனவர்களும் கூட்டுறவு முறையில் உறைபதனக் கிடங்குகளை அமைத்தால் அவர்களாலும் சில மாதங்கள் காத்திருக்க முடியும். ஒரே வட்டாரத்துப் பண்ணையாளர்கள் கலந்து பேசி வெவ்வேறு வாரங்களில் குஞ்சு விட்டால் அறுவடை ஒரே நாளில் குவியாது. விதைக்கும் முன்பே விலை பேசும் ஒப்பந்தங்களும், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் சந்தையும், உள்நாட்டு விற்பனையும் ஒரே வாங்குவோரை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்கும்.

பொருளியல் படிக்கும் நம் மாணவர்கள் தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் வரைந்து, அவை சந்திக்கும் புள்ளியைக் குறித்ததோடு நின்றுவிடக் கூடாது. அந்தப் புள்ளியை அடைய எத்தனை மாதம் ஆகும், அம்மாதங்களின் செலவை யார் ஏற்கிறார் என்றும் எழுதிப் பார்க்க வேண்டும். கிலோ என்ன விலை என்று நாம் கேட்கும் இறாலுக்குப் பின்னால், விலை ஏறும்வரை காத்திருக்க முடியாத ஒருவரின் கணக்கும் இருக்கிறது.